இரைச்சல் நீக்கும் பெட்டியும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும்

என் காரில் ரேடியோ போட்டால் கூடவே மூன்று பேர் பேசுவார்கள். ஒருவர் 'டக் டக் டக்' என்று தட்டிக்கொண்டே இருப்பார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தட்டல் வேகமாகும். இன்னொருவர் விசில்காரர்; மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். மூன்றாமவர் மணல் சலிப்பதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று ஓயாமல் இரைவார். மூவரையும் ஒரே பெட்டியால் வாயடைத்துவிடலாம் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பிராண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சாமான்கள் பல பெயர்களில் விற்கின்றன. அட்டையின் நிறம்தான் மாறுகிறது.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்ரோல் வண்டி. நாலு சிலிண்டர், கார்புரேட்டர், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை அறுத்துச் சேர்க்கும் பாயின்ட். முந்தைய சொந்தக்காரர் ரேடியோவை மாற்றி, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் வைத்திருந்தார். எஃப்எம் மட்டும் கேட்கிறவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பாடு இல்லை. நான் ஏஎம் கேட்கிறவன். ஏஎம் வருகிற மத்திய அலை பொழுது சாய்ந்தபின் மேல்வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். பகலில் எட்டாத தூரத்து நிலையங்கள் எல்லாம் ராத்திரி காருக்குள் வந்து உட்காரும். அந்த மெல்லிய குரல்களுக்கு நடுவில் 'டக் டக்' என்றால் எப்படி இருக்கும்?

ஏஎம் மட்டும் ஏன் இந்த அடி வாங்குகிறது என்பதற்குக் காரணம் எளிது. அதில் செய்தி போவது அலையின் உயரத்தில். பொறி வெடித்து அலையின் உயரத்தைக் குலைத்தால் அதையும் ரேடியோ பேச்சு என்றே நினைத்துக் கொடுத்துவிடும். எஃப்எம்மில் செய்தி போவது அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கத்தில். உயரத்தில் வரும் குழப்பத்தை ரேடியோவே நறுக்கிவிடும். அதுவும் போக, நிலையம் வலுவிழக்க வலுவிழக்க ரேடியோ தானாகவே தன் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளும். அதனால்தான் பக்கத்து நிலையத்தில் தெரியாத இரைச்சல் தூரத்து நிலையத்தில் பூதமாக வருகிறது. இரைச்சலைச் சோதிக்கிறவர்கள் நிலையமே இல்லாத ஓர் இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு சோதியுங்கள். வலுவான நிலையத்தில் வைத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று நான் இரண்டு முறை ஏமாந்தேன்.

பெட்டிக்குள் இருந்தவை இவை: மின்சார வயரில் இடையில் போடும் 10 ஆம்பியர் வடிகட்டி ஒன்று, ஆடியோ வயரில் போடும் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' ஒன்று, வயரைக் கவ்விப் பிடிக்கும் கருப்பு ஃபெரைட் துண்டுகள் ஆறு, 2.2 மைக்ரோஃபாரட் கண்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு; கெபாசிட்டர் என்பதும் இதுதான்) ஒன்று, தட்டையான பின்னல் செம்புப் பட்டை ஒன்று, தபால்தலை அளவு எழுத்தில் ஒரு குறிப்புத்தாள். பொருட்களின் தரம் மோசமில்லை. வயர் முனைகள் ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. குறிப்புத்தாளுக்கு மட்டும் நான் பூஜ்யம் கொடுப்பேன். காரணம் பின்னால் வருகிறது.

முதல் ஞாயிறு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டினேன். அது முதல் தப்பு. விசில் கொஞ்சம் குறைந்தது, தட்டல் அப்படியே இருந்தது, 'ஸ்ஸ்ஸ்' கொஞ்சம் கூடியது போலவும் தோன்றியது. எது எதைச் செய்தது என்று எனக்கே தெரியவில்லை. ஹாம் ரேடியோ வைத்திருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். நான் பத்து நிமிஷம் புலம்பினதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்.

"ஏரியலைக் கழட்டிப் பாத்தியாடா?"

"இல்லயே."

"அப்ப எல்லாத்தையும் கழட்டி மறுபடி பெட்டிக்குள்ள போடு. ஏரியல்லேருந்து ஆரம்பி."

இந்த ஒரு வரி குறிப்புத்தாளில் இருந்திருந்தால் எனக்கு மூன்று ஞாயிறு மிச்சமாகியிருக்கும். இரைச்சல் ரேடியோவுக்குள் வர மூன்று வழிதான் இருக்கிறது: ஏரியல் வழியாக, மின்சார வயர் வழியாக, ஆடியோ வயர் வழியாக. ரேடியோவின் பின்னால் ஏரியல் பின்னைப் பிடுங்கினதும் இரைச்சல் நின்றுவிட்டால் அது காற்றில் வருகிறது. மின்சார வயரில் எத்தனை வடிகட்டி போட்டாலும் பிரயோஜனமில்லை. பிடுங்கியும் நிற்காவிட்டால் வயர் வழியாக வருகிறது. அப்போது ஏரியலை எவ்வளவு துடைத்தாலும் வீண். நான் பிடுங்கினேன். தட்டல் சட்டென்று நின்றது. 'ஸ்ஸ்ஸ்' நின்றது. விசில் மட்டும் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. போனிலிருந்து ஆக்ஸ் வயரில் பாட்டு போட்டாலும் அதே விசில். மூன்று பேரில் இரண்டு பேர் ஜன்னல் வழியாக வருகிறார்கள், ஒருவர் வாசல் வழியாக என்று அப்போதுதான் தெரிந்தது.

விசிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெட்டி கொஞ்சமாவது உழைத்தது இதில்தான்.

விசில், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. அதற்குள் மூன்று கட்ட மாறுமின்சாரம் உண்டாகிறது. ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. ஆனால் வழவழவென்ற நேர்மின்சாரம் இல்லை, மேலே சின்னச் சின்ன அலை மிச்சமிருக்கும். உள்ளே சுற்றும் காந்தமான ரோட்டருக்கு 12 துருவம் என்றால் ஒரு சுற்றுக்கு 36 அலை. என் காரில் ஆல்டர்னேட்டர் இன்ஜினைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. இன்ஜின் 800 சுற்றில் நின்று ஓடும்போது 960 ஹெர்ட்ஸ், 3000 சுற்றில் 3600 ஹெர்ட்ஸ். காதுக்கு மிக நன்றாகக் கேட்கும் இடம். சுருதி ஏறி இறங்குவதன் ரகசியம் இதுதான்.

வடிகட்டியைத் திறந்து பார்த்தேன், எனக்கு அந்த வியாதி உண்டு. உள்ளே இரும்பு மையத்தில் சுற்றிய ஒரு கம்பிச்சுருள் (சோக்), 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று, அவ்வளவுதான். சோக்கை 1 மில்லிஹென்ரி என்று வைத்துக்கொண்டால் 160 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை அது அமுக்கத் தொடங்கும். 960 ஹெர்ட்ஸில் கணக்குப்படி 36 மடங்கு குறையவேண்டும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. முதல் ஞாயிறு எனக்கு அந்த அழகு ஏன் தெரியவில்லை என்றால், வடிகட்டியின் கருப்பு வயரை நான் ஒன்றரை அடி நீளத்துக்கு இழுத்து டாஷ்போர்டின் அடியில் ஏதோ ஒரு ஸ்குரூவில் முடிச்சிட்டிருந்தேன். இரண்டாம் முறை ரேடியோவின் உலோக உடம்பிலேயே, விரல் நீளத்துக்குள் இணைத்தேன். விசில் பாதிக்கு மேல் இறங்கியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வடிகட்டி விசிலுக்கு மட்டும்தான். ஏஎம் அலைவரிசையில், அதாவது 530 முதல் 1700 கிலோஹெர்ட்ஸ் வரை, இதே எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கெபாசிட்டர் மாதிரியே நடந்துகொள்ளாது. சோக்கின் சுற்றுகளுக்கு இடையே இரைச்சல் தாண்டிக் குதித்துவிடும். கூடவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் வைத்திருந்தால் கொஞ்சம் உதவியிருக்கும். பத்துப் பைசாச் சமாச்சாரம், வைக்கவில்லை. நானே பற்றவைத்தேன். இன்னொன்று, 10 ஆம்பியர் என்பது ரேடியோவுக்குப் போதும், ஆம்ப்ளிஃபயருக்குப் போதாது. என் ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸே 25 ஆம்பியர். அதன் வயரில் இதைப் போட்டால் சோக் சூடேறிக் கருகும். ரேடியோவில்கூட சத்தத்தைக் கூட்டினால் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் 0.3 வோல்ட் வித்தியாசம் காட்டியது. தாங்கலாம்.

மிச்ச விசில் எங்கிருந்து? ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆடியோ வயரைப் பிடுங்கினேன், நின்றது. ஆக, ரேடியோவின் எர்த் (காரின் உடம்போடு சேரும் இணைப்பு) ஒரு இடத்தில், ஆம்ப்ளிஃபயரின் எர்த் வேறு இடத்தில், இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வோல்ட் வித்தியாசம். அந்த வித்தியாசம் ஆடியோ வயரின் மேலுறை வழியாக ஓடிப் பாட்டோடு சேர்ந்துகொள்கிறது. இதற்குத்தான் ஐசொலேட்டர். உள்ளே ஒன்றுக்கு ஒன்று சுற்றுள்ள இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டு காந்தமாகத் தாண்டும், எர்த் தாண்டாது. மாட்டினேன். விசில் சுத்தமாகப் போய்விட்டது. ஐந்து நிமிஷம் கைதட்டாத குறை. அப்புறம் ஒரு பாட்டு போட்டேன். மிருதங்கத்தின் இடந்தலை எங்கே? தொப்பியில் விழுகிற அடி வெறும் தட்டாகக் கேட்டது. இவ்வளவு சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் அடிச்சுருதியைத் தாங்க முடியாது, அது நிரம்பி வழிந்துவிடும்.

கழற்றிவிட்டு சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரை யாரோ சீட் போல்ட்டின் அடியில், பெயின்ட்டின் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை மட்டும்தான் உலோகத்தைத் தொடுகிறது, அதிலும் துரு. உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளைத் தகரம் தெரிகிறவரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் ஒன்று போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். ஐசொலேட்டர் இல்லாமலேயே விசில் நின்றது. கால் மணி நேர வேலை. எனவே ஐசொலேட்டரைப் பற்றி என் தீர்ப்பு: வேலை செய்கிறது, அது வேலை செய்தால் உங்கள் எர்த் சரியில்லை என்று அர்த்தம். சோதனைக் கருவியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஆல்டர்னேட்டரைச் சோதிக்க இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பாரத்தை உதறிய ஆல்டர்னேட்டர் ஒரு கணம் பல பத்து வோல்ட்டுக்கு எகிறும். ரேடியோவோடு வேறு எதையும் சேர்த்துச் சாகடிக்கும். மல்டிமீட்டரை மாறுமின்சாரத்துக்குத் திருப்பி, பேட்டரி முனைகளில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். எனக்கு 0.04 வோல்ட் காட்டியது, நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு போயிருக்கலாம். அப்போது வடிகட்டி வாங்குவது காய்ச்சல்காரனுக்கு விசிறி வீசுகிற கதை.

இனி கண்டன்சர். இங்கேதான் என் மானம் போனது.

குறிப்புத்தாளில் "ஆல்டர்னேட்டரில் அல்லது காயிலில் இணைக்கவும்" என்று மட்டும் இருந்தது. காயில் என்பது பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் சுருள். முதலில் ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் வரும் முனையில் மாட்டினேன். விசிலில் எள்ளளவும் மாற்றமில்லை. இருக்கவும் முடியாது. 960 ஹெர்ட்ஸில் 2.2 மைக்ரோஃபாரட் என்பது 75 ஓம். பக்கத்திலேயே பேட்டரி ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடையோடு உட்கார்ந்திருக்கும்போது அலை ஏன் 75 ஓம் பக்கம் போகப் போகிறது? அது ரேடியோ அலைவரிசையில் வரும் உறுமலுக்கான மருந்து. ஏஎம்மில் அடியில் இருந்த லேசான உறுமல் கொஞ்சம் அடங்கியது, அவ்வளவே.

சரி, காயிலில் போட்டுப் பார்ப்போம் என்று அடுத்த ஞாயிறு இறங்கினேன். காயிலுக்கு இரண்டு முனை. ஒன்றில் பேட்டரியிலிருந்து வரும் வயர், இன்னொன்றில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர். தாளில் எது என்று இல்லை. கைக்கு எட்டியதில் மாட்டினேன். கைக்கு எட்டியது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. உள்ளேயிருந்து குரல்.

"என்னங்க, கெளம்பலாமா? மணி ஆச்சு."

"ரெண்டே நிமிஷம்."

"ரேடியோவத்தானே நோண்டுனீங்க? வண்டி ஏன் கத்துது?"

பாயின்ட்டுக்கு அருகில் ஏற்கெனவே ஒரு கண்டன்சர் உண்டு, 0.2 மைக்ரோஃபாரட் சுமாருக்கு. பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலின் மின்சாரம் சட்டென்று அறுந்தால்தான் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். அங்கே பத்து மடங்கு பெரிய கண்டன்சரைக் கட்டினால் மின்சாரம் அறுபடாமல் மெல்ல வழிந்து இறங்கும்; பொறி வராது. கழற்றிப் பேட்டரி வயர் வரும் முனைக்கு மாற்றினதும் முதல் திருப்பலிலேயே இன்ஜின் பிடித்தது. இந்த ஒரு வார்த்தையை, 'பிளஸ் முனையில்' என்பதை, அந்தத் தாளில் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகியிருக்கும்? அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விசேஷம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டலில் மாற்றம்? காதை வைத்துக் கேட்டால் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கலாம்.

ஏனென்றால் தட்டல் வந்த வழியே வேறு. ஸ்பார்க் பிளக்கில் பாயும் பொறி பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேலான சமாச்சாரம். 1887-ல் ஹெர்ட்ஸ் ரேடியோ அலை உண்டு என்று நிரூபித்ததே இப்படி ஒரு பொறியைத் தாண்டவிட்டுத்தான். ஆக, பானெட்டுக்கு அடியில் நாலு ஹெர்ட்ஸ்கள் உட்கார்ந்து ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நாலு சிலிண்டர் வண்டி 3000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100 பொறி. ஒவ்வொரு பொறியும் தொடங்கும் கணத்தில் மின்சாரம் வெறி பிடித்ததுபோல் பாய்கிறது. பிளக் வயர்தான் ஏரியல்.

அந்தப் பாய்ச்சலுக்குக் கடிவாளம் போட ரெசிஸ்டர் பிளக் என்று ஒன்று உண்டு. நடுக்கம்பிக்குள்ளேயே சுமார் 5 கிலோ ஓம் தடை வைத்திருப்பார்கள். பல கம்பெனிகளின் பிளக் எண்ணில் நடுவே 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். என் பிளக்குகளைக் கழற்றி மீட்டரை வைத்தேன். பூஜ்யம். எழுத்தும் இல்லை. பிளக் வயர்களை அளந்தேன், 0.4 ஓம், உள்ளே வெறும் செம்பு. போன முறை சர்வீஸில் "பொறி நல்லா அடிக்கும்" என்று சொல்லி மாட்டிவிட்ட வயர் அது. பொறி நன்றாகத்தான் அடிக்கிறது, ரேடியோ வரை அடிக்கிறது. ரெசிஸ்டர் போட்டால் பொறி பலவீனமாகும் என்று பயப்படுகிறவர்களுக்கு: பொறி எரியும்போது ஓடுவது சில பத்து மில்லியாம்பியர்தான். 50 மில்லியாம்பியர் 5 கிலோ ஓம்மில் 250 வோல்ட்டைத் தின்னும். ஆயிரக்கணக்கில் இருக்கிற இடத்தில் 250 போவது இன்ஜினுக்குத் தெரியாது. எனக்கு பெட்ரோல் கணக்கிலும் ஏறுகிற இழுவையிலும் மாற்றமே இல்லை.

நாலு ரெசிஸ்டர் பிளக், கரி மையம் உள்ள ஒரு செட் வயர். இவை பெட்டியில் கிடையாது, தனியாக வாங்கினேன். மாட்டிவிட்டு ரேடியோவைப் போட்டபோது தட்டல் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. ஆறு ஞாயிறில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுவாகத்தான் இருந்திருக்கும், அடுத்த வாரம் ஏரியல் அடியைத் திறக்காமல் இருந்திருந்தால்.

ஏரியல் வயரின் மேலுறைப் பின்னல் ஏரியல் நிற்கும் இடத்திலேயே காரின் உடம்பைத் தொடவேண்டும். தொட்டால் இன்ஜின் பக்கத்திலிருந்து வயரின் மேலுறையில் ஏறும் இரைச்சல் அங்கேயே இறங்கிவிடும். தொடாவிட்டால் மேலுறையே இன்னொரு ஏரியலாகிவிடும். மீட்டர் 40 ஓம் காட்டியது. ஒரு ஓம்முக்குள் இருக்கவேண்டியது. அடியில் நட்டைக் கழற்றினால் பச்சையும் பழுப்புமாகத் துரு. தேய்த்து, புது வாஷர் போட்டு, இறுக்கினேன், 0.2 ஓம். உட்கார்ந்து முள்ளைக் காலி இடத்துக்குத் திருப்பினேன். இன்ஜின் ஓடுகிறதா என்று இறங்கிப் பார்க்கவேண்டியிருந்தது. செலவு, ஒரு உப்புத்தாள்.

பெட்டியிலிருந்த பின்னல் பட்டைக்கு இப்போதுதான் முறை வந்தது. பானெட் என்பது கீலில் தொங்கும் ஒரு தகடு. கீலில் கிரீஸும் பெயின்ட்டும். மின்சாரக் கணக்கில் அது அந்தரத்தில் மிதக்கிறது, அடியில் வெடிக்கும் பொறிகளை வாங்கி மேலே வீசுகிறது. கீலின் இரு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டிப் பட்டையை இணைத்தேன். மிச்சத் தட்டலும் குறைந்தது. பட்டை ஏன் தட்டையாக, அகலமாக இருக்கவேண்டும் என்றால் உயர் அதிர்வெண் மின்சாரம் உலோகத்தின் மேல்தோலில்தான் ஓடும். 1 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் கனம் 0.07 மில்லிமீட்டர்கூட இல்லை. அகலமான பட்டைக்குத் தூண்டு தடையும் குறைவு. ஆகவே வட்ட வயரால் இந்த வேலை ஆகாது. பெட்டியில் இருந்தவற்றில் எனக்குப் பிடித்தது இந்தப் பட்டைதான். ஒன்று வைத்ததற்குப் பதில் மூன்று வைத்திருக்கலாம். சைலன்சர் குழாய்க்கும் இன்ஜினுக்கும் இதேபோல் தேவைப்பட்டது, நான் வெளியே வாங்கிப் போட்டேன்.

மூன்றாமவர் பாக்கி. 'ஸ்ஸ்ஸ்'. இவர் இன்ஜினை அணைத்தாலும் போகமாட்டார், சாவியை முழுக்க ஆஃப் செய்தால்தான் போவார். அதனால் பொறியோ ஆல்டர்னேட்டரோ இல்லை. ஒரு சின்ன பேட்டரி டிரான்சிஸ்டர் ரேடியோவை ஏஎம்மில் காலி இடத்தில் வைத்துக்கொண்டு மோப்ப நாய் மாதிரி காருக்குள் சுற்றினேன். டாஷ்போர்டின் நடுவே போனதும் டிரான்சிஸ்டர் கத்தியது. லைட்டர் துளையில் செருகியிருந்த போன் சார்ஜர். போன் இல்லாமலே, வெறுமனே செருகி வைத்திருந்தது. பிடுங்கினேன், அமைதி. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஐந்து வாரமாக அதன் நீல விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சார்ஜர்கள் 12 வோல்ட்டை நொடிக்குப் பல லட்சம் முறை வெட்டி வெட்டி 5 வோல்ட் ஆக்குகின்றன. வெட்டும் வேகமும் அதன் மடங்குகளும் ஏஎம் அலைவரிசையின் மேலேயே வந்து விழும். டாஷ் கேமரா, பின்னால் வாங்கிப் போடும் எல்இடி ஹெட்லைட் எல்லாமே இந்த ஜாதிதான். மின்கார்களில் இதே விஷயம் பிரம்மாண்ட அளவில் நடப்பதால்தான் சில கம்பெனிகள் ஏஎம் ரேடியோவையே எடுத்துவிட்டன.

பெட்டியின் ஃபெரைட் துண்டுகள் இதற்குத்தான் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. சார்ஜரின் வயரில் ஒன்று கவ்வினேன். ஏஎம்மில் துளியும் மாற்றமில்லை. ஆறையும் வரிசையாகக் கவ்வினேன், வயர் கருப்பு மணி கோத்த மாலை மாதிரி ஆனதுதான் மிச்சம். பொதுவாக விற்கும் கவ்வு ஃபெரைட்டுகள் 25 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உழைப்பதற்காகச் செய்தவை. எஃப்எம்முக்கு உதவும், 1 மெகாஹெர்ட்ஸில் அவற்றுக்குப் பலமில்லை. ஒரு தந்திரம் உண்டு: வயரை ஒரே துண்டுக்குள் மூன்று முறை சுற்றினால் தடை மூன்று மடங்காகாது, ஒன்பது மடங்காகும். சுற்றினேன். எஃப்எம்மில் மங்கலாக வந்த ஒரு நிலையம் தெளிந்தது. ஏஎம்மில் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ஆறு துண்டை வரிசையாக மாட்டுவதைவிட ஒரு துண்டில் மூன்று சுற்று மேல் என்ற எளிய விஷயத்தை அந்தத் தாளில் எழுதினால் ஆறு துண்டு விற்க முடியாது, வாஸ்தவம்.

சார்ஜரை மாற்றினேன். புதிதை வாங்கும்போது வட்டத்துக்குள் 'ஈ' எழுத்துள்ள முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். ஐக்கிய நாடுகளின் 10-ஆம் எண் வாகன விதிப்படி சோதித்ததற்கான முத்திரை அது. இருந்தது. ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். அந்த விதியில் காற்றில் வீசும் இரைச்சலை அளப்பது 30 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான். ஏஎம் அதற்கு வெகு கீழே. காருக்குள் இருக்கும் ரேடியோவைக் காப்பதற்கென்றே எழுதிய 'சிஸ்பர் 25' என்ற தரம் 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. அதை அட்டையில் சொல்லும் சார்ஜர் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் டிரான்சிஸ்டரைக் கையில் கொண்டுபோய்ச் சோதித்து வாங்குங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்கிக் கண்ட இடத்தில் மாட்டவேண்டாம். ஏர்பேக்கின் மஞ்சள் வயர், பிரேக் சென்சார் வயர், கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறுக்கிய ஜோடி வயர், இவை எதிலும் கண்டன்சரோ வடிகட்டியோ கூடாது. நான் செய்த கூத்தில் வண்டி கிளம்பாமல் போனது. உங்களுக்கு அதைவிடப் பெரிதாக ஏதாவது போகும்.

இப்போது என் காரில் பெட்டியிலிருந்து மிஞ்சியிருப்பவை: வடிகட்டி, பட்டை, காயிலின் பிளஸ் முனையில் கண்டன்சர், சார்ஜர் வயரில் ஒரு ஃபெரைட். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அரை நட்சத்திரம் பட்டைக்காக. வைப்பர் மோட்டார் மட்டும் இன்னும் உறுமுகிறது. அதன் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்கவேண்டும், மழைக்காலத்துக்கு முன்னால் பார்க்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

ஐசொலேட்டரை நண்பனிடம் கொடுத்தேன். அவன் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ரொம்ப நாளாக ஒரு 'ம்ம்ம்' இருந்ததாம். மாட்டினதும் போய்விட்டதாம்.

"எர்த்தப் பாத்தியாடா?" என்று கேட்டேன்.

"மூடிட்டு வை போன" என்றான்.